மொரீஷியஸ்ல முதல் படம் எடுத்தாச்சு, ரெண்டாவது படத்துக்கு வழி என்ன?

ரோஸ்பெல்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் ரோஸ்பெல் பக்கம். ஸ்கூல்ல தமிழ் எடுத்து, மோக்கால மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல படிச்சு, அப்புறம் சென்னைக்குப் போய் ரெண்டு வருஷம் எடிட்டிங் கத்துக்கிட்டு வந்தேன். போன வருஷம் நாங்க ஆறு பேர் சேர்ந்து 24 நிமிஷம் ஓடற ஒரு படம் எடுத்தோம். சர்க்கரை மில்லுல முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு தாத்தா, மில்ல மூடினதுக்கப்புறமும் விடியக்காலைல எழுந்து சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டு மில்லு கேட்டு வரைக்கும் நடந்து போய்ட்டு வர்றார், வீட்ல யாரும் எதுவும் கேக்கறதில்ல, பேத்தி மட்டும் ஒரு நாள் பின்னாடியே போறா. அவ்ளோதான் கதை. அது எங்க தாத்தாதான். படம் பெரும்பாலும் க்ரியோல், அதாவது இங்க எல்லாரும் பேசற பிரெஞ்சு வழி வந்த மொழி, பாட்டி சாமி கும்பிடற இடத்துலயும் தாத்தாவத் திட்டற இடத்துலயும் மட்டும் தமிழ்.

காசு என் சேமிப்பு கொஞ்சம், அம்மா சீட்டு எடுத்தது கொஞ்சம், மொத்தம் மூணு லட்சத்து நாப்பதாயிரம் ரூபா, நம்ம ஊர் ரூபா. கேமரா வாடகைக்கு எடுத்தோம், லைட்டுக்கு முக்கால்வாசி நேரம் வெயில்தான். ஜூலைல கரும்பு ஆளுயரத்துக்கு மேல நிக்கறப்ப தாத்தா நடந்து போற சீன்ல பாதிய எடுத்தோம். மீதிய எடுக்க ரெண்டு வாரம் கழிச்சு போய் நின்னா வயல் மொட்டையா கெடக்கு. வெட்டி லாரில ஏத்திட்டாங்க. ஜூன்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வெட்டுவாங்கன்னு இங்க பொறந்த எல்லாருக்கும் தெரியும், ஆனா இந்த வயல எந்த வாரம் வெட்டுவீங்கன்னு போய்க் கேக்கணும்னு எங்க ஆறு பேர்ல ஒருத்தருக்கும் தோணல. அதே மாதிரி வளைஞ்சு போற பாதை வேணும்னு சுய்யாக் வரைக்கும் தேடிப் போய் மறுபடி எடுத்தோம். அங்க தென்கிழக்குக் காத்து, மைக்குல கரும்பு சோகை உரசற சத்தத்தத் தவிர ஒண்ணுமே விழல, தாத்தா மூச்சு வாங்கற சத்தத்த வீட்டு ரூம்ல போர்வைய தொங்கவிட்டு தனியா எடுத்து சேர்த்தோம்.

புரட்டாசில கோவிந்தன் விரதம் முடிஞ்ச அடுத்த வாரம் எங்க கோயில் ஹால்ல போட்டுக் காமிச்சோம். நூத்தி நாப்பது பேர் வந்தாங்க. முடிஞ்சதும் முன்வரிசைல இருந்த ஒரு பாட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் விடல. அவங்க வீட்டுக்காரரும் மில்லுல இருந்தவராம். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, அடுத்தது எப்பம்மான்னு.

எனக்கு பதில் தெரியல. கேமரா பார்த்தவர் கல்யாண வீடியோவுக்குத் திரும்பிட்டார், சவுண்ட் பார்த்த பையன் பக்கத்துத் தீவு ரீயூனியனுக்கு வேலைக்குப் போய்ட்டான், லொகேஷன் எல்லாம் ஏற்பாடு பண்ணின என் தோழி ஹோட்டல் ரிசெப்ஷன்ல இருக்கா. ஆறு பேர் சேர்ந்து கத்துக்கிட்டது எல்லாம் ஆறு திசைல போய்டுச்சு. அதான் கேக்கறேன். முதல் படத்த எப்படியாவது எடுத்துடறோம், சொந்தக்காரங்க குடுக்கறாங்க, நண்பர்கள் சும்மா வேலை செய்யறாங்க. ரெண்டாவது படத்துக்கு எங்க போறது? 12 லட்சத்து சொச்சம் பேர் இருக்கற நாட்டுல சினிமாத் தொழில்னு ஒண்ணு நிக்கவே முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


எபென்_மதுரைக்காரன்:

வணக்கம் சிஸ்டர், படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. நான் ஐடி வேலைக்கு மொரீஷியஸ்ல எபென்ங்கற ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆகுது, அதுக்கு முன்னாடி நாலு வருஷம் கோலாலம்பூர்.

முதல்ல கணக்க பாத்துடுவோம். நூத்துல ஒருத்தர் உங்க படத்துக்கு வர்றாங்கன்னு வைங்க, 12,000 பேர். டிக்கெட் ஒரு பேச்சுக்கு 200 ரூபா, 24 லட்சம். தியேட்டருக்கு பாதி போனா கைல 12 லட்சம். ஒன்றரை மணி நேரப் படத்த ஆளுங்களுக்கு ஒழுங்கா சம்பளம் குடுத்து எடுக்க இது பத்தவே பத்தாது. நூத்துல ஒருத்தர் தியேட்டருக்கு வர்றதே பெரிய விஷயம், அப்படி வந்துமே பத்தாதுங்கறப்ப குறை உங்க படத்துல இல்ல, நாடு சின்னது, அதான். அதனால டிக்கெட்ட மட்டும் நம்பி சின்ன நாட்டு சினிமா எங்கயும் வளரல, பொதுப்பணம் உள்ள வந்துதான் வளர்ந்திருக்கு. ஐஸ்லாந்த பாருங்க, இன்னிக்கும் நாலு லட்சம் பேர் தேறாது, மொரீஷியஸ்ல மூணுல ஒரு பங்கு. 1978லயே சட்டம் போட்டு படத்துக்குன்னு நிதி வெச்சாங்க. 1991ல அங்க எடுத்த ஒரு படம் ஆஸ்கர்ல வெளிநாட்டுப் படத்துக்கான நாமினேஷன் வரைக்கும் போச்சு, அதுவும் ஒரு வயசானவர் பொறந்த ஊர தேடிப் போற கதைதான், உங்க தாத்தா கதைய படிச்சப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணு, என் யோசனை இது, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த படத்த முழுக்க தமிழ்லயே எடுங்களேன். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்னு பார்க்கற ஆளு கோடிக்கணக்குல இருக்கு, க்ரியோல்ல எடுத்தா இந்தத் தீவோட நின்னுடும். ஓடிடிக்கும் குடுக்கலாம்.


வாக்கிடாக்கி_அண்ணன்:

தங்கச்சி, கரும்பு வெட்டின கதைய படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. நான் பதினோரு வருஷமா இங்க வெளிநாட்டு ஷூட்டிங்ல வேலை பார்க்கறேன். வேன் ஓட்ட ஆரம்பிச்சேன், இப்ப லொகேஷன் அசிஸ்டன்ட். ஹிந்திப் பாட்டு, தெலுங்குப் பாட்டு, ஜெர்மன் விளம்பரம், ஹாலிவுட்டு எல்லாம் பார்த்தாச்சு.

இங்க சினிமான்னு அரசாங்கத்துல யாராவது பேசினா முதல்ல ஃபிலிம் ரிபேட் ஸ்கீம்தான் பேசுவாங்க. 2013ல வந்தது. வெளியாள் வந்து இங்க செலவு பண்ணினா அதுல ஒரு பங்க திருப்பித் தருவாங்க, 30 சதவீதத்துல ஆரம்பிச்சது, பெரிய படத்துக்கு 40 வரைக்கும் போச்சு. எகனாமிக் டெவலப்மென்ட் போர்டுன்னு ஒரு அரசு அமைப்பு பார்த்துக்குது. நல்ல திட்டம்தான், அதால எனக்கே சோறு கெடைக்குது. ஆனா அது எப்படி நடக்குதுன்னு பாரு. முதல்ல நீ செலவு பண்ணணும், இவ்ளோக்கு மேல செலவு பண்ணியிருந்தாதான் தகுதின்னு ஒரு அளவு இருக்கு, பில்லு எல்லாம் வெச்சு ஆடிட் முடிக்கணும், அப்புறம்தான் காசு திரும்பி வரும். கைல கோடி இருக்கறவனுக்கு அது சலுகை. அம்மா சீட்டுக் காசுல படம் எடுக்கற பொண்ணுக்கு அந்தக் கதவு தொறக்கவே தொறக்காது. அந்தத் திட்டத்த எழுதினதே பெரிய செலவு பண்றவன மனசுல வெச்சுத்தான்.

2017ல மேத்யூ மெக்கானஹே, ஆன் ஹேத்தவேன்னு ஹாலிவுட் ஸ்டாருங்க எல்லாம் வந்து செரினிட்டின்னு ஒரு படம் இங்க எடுத்தாங்க, 2019ல ரிலீஸ். படம் முழுக்க நம்ம கடல், நம்ம வெளிச்சம், நம்ம மலை. ஆனா கதைல இந்தத் தீவோட பேர் பிளிமத் ஐலண்ட். அப்படி ஒரு தீவே கெடையாது. வீட்ல புள்ளைங்களோட உக்காந்து பார்த்தேன், சின்னவன் கேட்டான், அப்பா இது நம்ம பீச்சு மாதிரியே இருக்கேன்னு. நம்ம பீச்சுதான்டான்னேன். அப்ப ஏன் வேற பேர் சொல்றாங்கன்னான். கதைக்காக அப்படி வெச்சிருக்காங்கடான்னு சொன்னேன், அதுல தப்பு ஒண்ணும் இல்லதான், ஆனா நம்ம பேர சொல்லி நம்ம ஆளுங்க எடுத்த ஒரு படத்த அன்னிக்கு ராத்திரி அவனுக்குப் போட்டுக் காட்ட என் வீட்ல ஒண்ணுமே இல்ல. அது இன்னும் எனக்கு உறுத்துது.

அதே சமயம் அந்த செட்டுங்கள்லதான் நான் தொழில் கத்துக்கிட்டேன். மறுநாள் யார் எப்ப எங்க வரணும்னு எழுதற கால்ஷீட்ட எப்படிப் போடறது, ராத்திரி எத்தன மணிக்குள்ள அது எல்லார் கைக்கும் போகணும், மழை வந்தா எந்த சீன உள்ள எடுக்கறது, சைக்ளோன் சீசன்ல நவம்பர்லேர்ந்து ஷெட்யூல்ல எத்தன நாள் சும்மா விடணும், எல்லாம். கிளாஸ் 3 புயல் எச்சரிக்கை குடுத்தா நாடே மூடிடும், அத கணக்குல எடுக்காம வந்த ஒரு டீம் நாலு நாள் ஹோட்டல்ல உக்காந்து அழுதத பாத்திருக்கேன். இந்த அறிவு இன்னிக்கு இந்தத் தீவுல நிறைய பேர்கிட்ட இருக்கு தங்கச்சி. ஆனா மேல ஏற வழி இல்ல. கேமரா டிபார்ட்மென்ட்டுக்கு தலை வெளியிலேர்ந்து வருவான், அவனோட அசிஸ்டன்ட்டும் வெளியிலேர்ந்து வருவான், நம்ம பையன் பெட்டி தூக்குவான். அடுத்த வருஷமும் பெட்டிதான். ரிபேட்டு வாங்கற ஒவ்வொரு படமும் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுலயும் ஒரு உள்ளூர் ஆள பேர் போட்டு, சம்பளம் போட்டு, கத்துக்கற இடத்துல வைக்கணும்னு சொன்னா அவங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. இத நான் கூட்டத்துல கேட்டுட்டேன், இனிமேயும் கேப்பேன்.

ஒரு தடவ விளம்பரக் கம்பெனி ஒண்ணு, பேர் வேணாம், ஒன்பது நாள் வேலை வாங்கிட்டு ஆறு நாளுக்குத்தான் குடுத்தான், மூணு நாள் எடம் பார்க்கப் போன ரெக்கி, அது வேலை இல்லன்னான். கைல ஒரு துண்டுப் பேப்பர் இல்ல எனக்கு. அன்னிலேர்ந்து எழுத்துல இல்லாம நான் வண்டிய ஸ்டார்ட் பண்றதில்ல. நீயும் அடுத்த படத்துல ஆறு பேருக்கும் பேப்பர் போடு. இப்ப குடுக்க முடியலன்னா, படம் எங்கயாவது வித்தா இவ்ளோ பங்குன்னு எழுதி கையெழுத்து போடு. உன் சவுண்ட் பையன் ஏன் ரீயூனியன் போனான்னு யோசி. நண்பன்னு சும்மா வேலை செய்வான், ஒரு தடவ. ரெண்டாவது படம் நிக்கறது அங்கதான்.


பழைய_வாத்தியார்:

அம்மா ரோஸ்பெல் பொண்ணே, வாழ்த்துக்கள். நான் முப்பத்தி மூணு வருஷம் தமிழ் சொல்லிக் குடுத்து ஓய்வு பெற்றவன், காத்ர் போர்ன்ல இருக்கேன்.

எபென் தம்பி நல்ல எண்ணத்துலதான் சொல்றார், ஆனா எனக்கு சம்மதமில்ல. தாத்தா க்ரியோல் பேசினவர்னா க்ரியோல்தான் பேசணும். நாங்க எங்க வீட்ல முருங்கைக் கீரைய ப்ரெட் முரூம்னு சொல்றோம், பீர்க்கங்காய பிப்பங்காய்னு சொல்றோம், ரசம் எங்களுக்கு ரசோன். சந்தைல காய் விக்கற சீனக்காரரும் அதே வார்த்தையத்தான் சொல்றார், அது தமிழ்னு அவருக்குத் தெரியாது, வாங்கற பாதி தமிழருக்கும் தெரியாது. எங்க தமிழ் அப்படித்தான் உயிரோட இருக்கு, க்ரியோலுக்குள்ள கலந்து, சாமி ரூம்லயும் சமையல்கட்டுலயும். அத அழிச்சிட்டு சென்னைக்காரர் மாதிரி எல்லாரும் வசனம் பேசினா அந்த முன்வரிசைப் பாட்டி உங்க கையப் பிடிச்சிருக்க மாட்டாங்க. வெளிநாட்டுத் தமிழருக்கு சப்டைட்டில் போடுங்க, அத நல்ல தமிழ்ல போடுங்க, அதுக்கு நான் உக்காந்து எழுதித் தர்றேன்.

1998ல புது ரூபா நோட்டு வந்தப்ப தமிழ் எழுத்த ஹிந்திக்குக் கீழ எறக்கிட்டாங்கன்னு எங்க ஜனம் ரோட்டுக்கு வந்தது, நோட்டையே வாபஸ் வாங்கினாங்க. அன்னிக்கு நானும் போய் நின்னேன், இன்னிக்கும் அது சரின்னுதான் நினைக்கறேன். எழுத்துக்காக அவ்ளோ தூரம் நின்ன நாம, நம்ம பொண்ணு ஒண்ணு நம்ம வீட்டுக் கதைய படமா எடுத்தா அதுக்கும் வந்து நிக்கணும்னு கேக்கறது அதிகமில்ல. கோயில்ல காவடிக்கு ஏழு கறி சமைக்க எத்தன பேர் சொல்லாமலே வந்து காய் நறுக்கறாங்க. அந்தக் கூட்டம் நம்மகிட்ட இருக்கு.

இன்னொரு விஷயம். முழு நீளப் படம் எடுக்கறவங்களுக்கே ரெண்டாவது படம்தான் மலையா நிக்குது. நம்ம ஊர் டைரக்டர் டேவிட் கான்ஸ்டன்டின், லோம்பிராஸ் கான்ங்கற படத்த எடுத்தது 2014, அதுவும் சர்க்கரை மில்லு மூடற கதைதான், நீங்க பார்க்கலன்னா கட்டாயம் பாருங்க. அவரோட அடுத்த முழு நீளப் படம் சிமென் ஸெத்வால் டொரொன்டோ விழாவுக்குப் போனது 2022. நடுவுல எட்டு வருஷம். அவ்ளோ மதிப்புள்ள ஒருத்தருக்கே எட்டு வருஷம் ஆகுதுன்னா அது அவர் குறையா? சினிமாவ வளர்க்கன்னு இங்க இருக்கற அரசு நிறுவனம் ஃபிலிம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷனுக்கு சட்டம் போட்டது 1986ல, அன்னிக்குப் பொறந்த குழந்தைக்கு இப்ப நாப்பது வயசு. வருஷா வருஷம் இத்தன படத்துக்கு இவ்ளோ பணம், அதுல பாதி ஏற்கெனவே ஒரு படம் முடிச்சுக் காட்டினவங்களுக்குன்னு எழுதி வெச்சிருந்தா உங்க ஆறு பேர் ஆறு திசைல போயிருக்க மாட்டாங்க. நேஷனல் ஆர்ட்ஸ் ஃபண்ட் இருக்கு, அதுக்கு எழுதிப் பாருங்க, ஆனா அது எல்லாக் கலைக்கும் சேர்ந்த பானை.

ஈல் கூர் குறும்பட விழாவுக்கு அனுப்பினீங்களா? 2007லேர்ந்து நடக்குது. அவங்க நகரத்து ஹால்ல மட்டும் போடறதில்ல, ஊர் ஊரா திரையக் கொண்டு போறவங்க. உங்க படம் அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.


ரோஸ்பெல்_பொண்ணு:

ஐயா, படிச்சிட்டு கண்ணு கலங்கிடுச்சு. சப்டைட்டில் எழுதித் தர்றேன்னு சொன்னத நான் விடமாட்டேன், நிஜமாவே வருவேன். ஈல் கூருக்கு இந்தத் தடவ தேதி முடிஞ்சப்புறம்தான் கலர் வேலை முடிஞ்சுது, அடுத்ததுக்கு அனுப்பறேன்.

அண்ணா, பேப்பர் விஷயம் சுரீர்னு பட்டுது. ஆறு பேரும் நண்பர்கள், காசப் பத்திப் பேசினா நட்பு கெட்டுடும்னு நான்தான் பேசாம விட்டேன். இன்னிக்கு சவுண்ட் பையனுக்கு ஃபோன் போட்டேன். அங்க ஒரு டிவி கம்பெனில இருக்கானாம். வேலை செஞ்ச பதினாலு நாளும் சாப்பாட்டுக் காசுகூட அவன் கைலேர்ந்து போட்டிருக்கான், எனக்குத் தெரியவே தெரியாது. பங்கு எழுதி அனுப்பறேன்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அடுத்த கதை என்னன்னு கேட்டான்.

மதுரை அண்ணா, ஐஸ்லாந்து பத்தி எனக்குத் தெரியாது, நன்றி. ஆனா மொழி விஷயத்துல நான் ஐயா பக்கம்.


எபென்_மதுரைக்காரன்:

ஐயா சொன்னது சரி, நான் வாபஸ் வாங்கிக்கறேன். யோசிச்சுப் பார்த்தா நான் கோலாலம்பூர்ல இருந்தப்ப பார்த்ததே அதுக்கு சாட்சி. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ஜகாட்ங்கற மலேசியத் தமிழ்ப் படம், 2015ல வந்தது. எஸ்டேட்ட விட்டு வெளிய வந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் கதை, அவங்க அங்க பேசற தமிழ்லயே, மலாய் கலந்து. கோடம்பாக்கத்த மாதிரி ஆகணும்னு அந்தப் படம் ஆசைப்படவே இல்ல. 2016ல மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம்னு விருது வாங்குச்சு, மலாய் அல்லாத மொழிப் படம்னு தனியா ஒதுக்கி வைக்கறதப் பத்தி பெரிய சண்டையே நடந்த வருஷம் அது. ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுல இருந்த மலேசியத் தமிழ் நண்பர் அந்த விருது வந்த மறுநாள் எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தார், அவர் சினிமாக்காரர்கூட கெடையாது.

அங்க வாஜிப் தயாங்னு ஒரு விதி இருக்கு, தகுதியான உள்ளூர்ப் படத்த தியேட்டர் கட்டாயம் போட்டாகணும், முதல் நாள் கூட்டம் வரலன்னு தூக்கிட முடியாது. இங்க மால் தியேட்டர்ல ஹாலிவுட், ஹிந்தி, பிரெஞ்சுப் படத்துக்கு நடுவுல உள்ளூர்ப் படத்துக்கு அந்த மாதிரி ரெண்டு வாரம் உறுதியா கெடைச்சா, பார்த்தவங்க சொல்லி மத்தவங்க வர அவகாசம் இருக்கும். பிரான்ஸ்ல இன்னொரு வழி, விக்கற ஒவ்வொரு டிக்கெட்டுலயும் 10.72 சதவீதத்த எடுத்து சிஎன்சிங்கற அவங்க சினிமா நிறுவனத்துக்குக் குடுத்துடறாங்க, அமெரிக்கப் படம் ஓடினாலும் அந்தக் காசு பிரெஞ்சுப் படத்துக்கு வருது. இங்க அதுல பாதிய வெச்சாக்கூட ஒரு ஆரம்பம்.


டர்பன்_சித்தப்பா:

வணக்கம் மகளே, தென்னாப்பிரிக்காலேர்ந்து எழுதறேன். என் தமிழ் கோயில் பள்ளிக்கூடத்துல படிச்சது, வயசான காலத்துல மறுபடி புடிச்சுக்கிட்டது, பிழை இருந்தா வாத்தியார் ஐயா மன்னிக்கணும்.

எங்க கதை சொல்றேன். சாட்ஸ்வொர்த்னு எங்க ஊரு, நிறவெறிக் காலத்துல இந்தியர்கள எல்லாம் வீட்ட விட்டு எழுப்பிக் கொண்டுவந்து போட்ட இடம். அந்த சாட்ஸ்வொர்த்துல பக்கத்து பக்கத்து வீட்டுல இருக்கற ரெண்டு அம்மாக்கள் சண்டையப் பத்தி 2017ல ஒரு படம் வந்துச்சு, கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ், ஜயன் மூட்லி எடுத்தது. பெரிய ஸ்டார் யாரும் கெடையாது. அவங்க பேசினது எங்க இங்கிலீஷ், நடுவுல நடுவுல எங்க தமிழ் வார்த்தை. என் அக்கா தியேட்டருக்குப் போய் இருபது வருஷம் ஆகியிருந்துச்சு, அவ பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி எல்லாரையும் ரெண்டு கோம்பி வேன்ல ஏத்திக்கிட்டுப் போனா. திரைல அந்த அம்மா வாசல்ல நின்னு எட்டிப் பார்க்கற பார்வைய பார்த்துட்டு தியேட்டரே கத்துச்சு, ஏன்னா எல்லார் வீட்லயும் அந்தப் பார்வை இருக்கு.

நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் நடந்தது. 2019ல ரெண்டாவது, 2021ல மூணாவது, 2023ல நாலாவது. அதே ரெண்டு நடிகைங்க, ஜெய்லோஷினி நாயுடுவும் மேஷ்னி நாய்க்கரும். ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. உன் கேள்விக்கு எங்க பக்கத்துலேர்ந்து பதில் அதுதான் மகளே, கூட்டத்த ஆற விடல. ஒரு படம் பார்த்து வீட்டுக்குப் போன அக்காவுக்கு அந்தக் குடும்பம் சொந்தமாயிடுச்சு, அடுத்தது எப்பன்னு கேட்டப்ப பதில் இருந்துச்சு. நாலாவது படத்துல கதையே உங்க மொரீஷியஸுக்கு வருது, பேரப்புள்ள பொறக்கறத பாக்க ரெண்டு பாட்டிங்களும் அங்க வர்றாங்க. டர்பன் தமிழ்க் குடும்பம் மொரீஷியஸ் வரைக்கும் வர முடியும்னா மொரீஷியஸ் தாத்தா டர்பனுக்கு வரக்கூடாதா?

அதுக்கு ஒரு வழி சொல்றேன். டர்பன் திரைப்பட விழா 1979லேர்ந்து நடக்குது, அதோட சேர்த்து 2010லேர்ந்து டர்பன் ஃபிலிம் மார்ட்னு ஒரு சந்தை. ஆப்பிரிக்கா முழுக்க இருக்கறவங்க இன்னும் எடுக்காத படத்தோட கதையக் கொண்டு வந்து, காசு போடறவங்க முன்னாடி உக்காந்து சொல்லலாம். மொரீஷியஸும் ஆப்பிரிக்காதான், அங்க இருக்கறவங்க நிறைய பேர் அத மறந்துடறாங்க. ஸ்கிரிப்ட்டும் பட்ஜெட்டும் தயார் பண்ணி விண்ணப்பம் போடு. வந்தா எங்க வீட்ல தங்கிக்கலாம், என் வீட்டுக்காரி உனக்கு பிரியாணி போடாம விடமாட்டா.


காத்ர்போர்ன்_வாசகி:

நான் சினிமாக்காரி இல்ல, பேங்க்ல வேலை. எல்லாரும் அரசாங்கம் செய்யணும், சட்டம் வரணும்னு சொல்றீங்க, சரிதான். ஆனா என்ன மாதிரி சும்மா பார்க்கறவங்க நாளைக்குக் காலைல என்ன செய்யலாம்? அத யாராவது சொல்லுங்க.


வாக்கிடாக்கி_அண்ணன்:

அக்கா நல்ல கேள்வி. உள்ளூர்ப் படம் தியேட்டர்ல வந்தா முதல் மூணு நாளுக்குள்ள போங்க, ரெண்டாவது வாரம் பாத்துக்கலாம்னா ரெண்டாவது வாரம் அது இருக்காது. கோயில் ஹால்ல போட்டா டிக்கெட்டு கேளுங்க, இலவசம்னு சொன்னாலும் உண்டியல்ல போடுங்க. உங்க வீட்டுல, கடைல ஷூட்டிங்குக்கு எடம் கேட்டா ஒரு நாள் குடுங்க, லொகேஷன் வாடகைதான் சின்னப் படத்த முதல்ல முழுங்கறது. பேங்க்ல இருக்கீங்கன்னா இன்னொரு பெரிய உதவி பண்ணலாம். நம்ம பசங்களுக்கு பட்ஜெட் போடத் தெரியாது, பில்லு வெச்சுக்கத் தெரியாது. எங்க விண்ணப்பம் போட்டாலும் முதல்ல அந்தப் பேப்பர்தான் கேப்பான். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து சொல்லிக் குடுங்க, அது பத்து டிக்கெட் வாங்கறதுக்கு சமம்.

அப்புறம் தங்கச்சி, உன் சவுண்ட் பையன் ரீயூனியன்ல இருக்கான்னு அழாத. அது நல்லது. முக்கால் மணி நேர ஃப்ளைட்டு. அந்தத் தீவு பிரான்ஸ், அங்க அந்தத் தீவு நிர்வாகத்தோட காசு இருக்கு, பாரிஸ்லேர்ந்து வர்ற அரசாங்கக் காசு இருக்கு, அதுக்கெல்லாம் விண்ணப்பம் போட அங்க ஒரு தயாரிப்பாளர் வேணும். அங்கயும் கரும்பு, அங்கயும் மூடின மில்லு, அங்கயும் தீமிதி நடக்கற கோயில், க்ரியோல் கொஞ்சம் வேற மாதிரி, அவ்ளோதான். உன் தாத்தா கதை அவங்க தாத்தா கதையும்தான். அவன அங்க ஆள் தேடச் சொல்லு.


காத்ர்போர்ன்_வாசகி:

பட்ஜெட் சொல்லிக் குடுக்க நான் ரெடி. ரோஸ்பெல் தங்கச்சி, உங்க முதல் படத்தோட செலவு எல்லாத்தையும் ஞாபகம் இருக்கற வரைக்கும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க, சாப்பாட்டுக் காசு உட்பட, யார் கைலேர்ந்து போச்சுன்னும் எழுதுங்க. அங்கேர்ந்து ஆரம்பிப்போம்.


ரோஸ்பெல்_பொண்ணு:

வர்றேன் அக்கா, நோட்டு இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கறேன்.

சித்தப்பா, டர்பன் சந்தைக்கு விண்ணப்பம் போடறேன். அதுக்கு ஸ்கிரிப்ட் வேணும், அதனால ரெண்டாவது கதைய இங்கயே சொல்லிடறேன். இந்தத் தடவ பாட்டி. மில்லு சங்கு ஊதறதுக்கு முன்னாடி எழுந்து உலை வெச்சு, சங்குச் சத்தத்த வெச்சே வாழ்நாள் முழுக்க மணி பார்த்த ஒருத்தி, சங்கு நின்னதுக்கப்புறம் நேரமே தெரியாம இருக்கறா. எங்க பாட்டி இப்பவும் மத்தியானம் ஆனதும் ஒரு நிமிஷம் கையில இருக்கறத வெச்சிட்டு காது குடுப்பாங்க, எங்க வீட்ல எல்லாரும் அத பார்த்திருக்கோம், யாரும் சொல்ல மாட்டோம்.

ஒரு உதவி வேணும். அந்த சங்குச் சத்தம் நிஜமானது வேணும். நெட்டுல கெடைக்கறது எல்லாம் வேற ஊர் சங்கு, பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன், இது இல்லன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க. பழைய கல்யாண கேசட், கோயில் திருவிழா வீடியோ, எதுலயாவது பின்னாடி தெற்குப் பக்க மில்லு சங்கு கேட்டா தயவுசெஞ்சு சொல்லுங்க.


பழைய_வாத்தியார்:

அம்மா, எங்க கோயில் அலமாரில காவடித் திருவிழா கேசட்டு ஒரு பெட்டி நிறைய இருக்கு. 80கள்லேர்ந்து எடுத்தது, தெற்குக் கோயில்கள்லேர்ந்து வந்ததும் உண்டு. போட்டுப் பார்க்க மெஷின்தான் இல்ல. யார்கிட்டயாவது ஓடற விசிஆர் இருந்தா கொண்டு வாங்க. ஹால் சாவி என்கிட்டதான் இருக்கு, ஞாயித்துக்கிழமை பூஜை முடிஞ்சு பதினோரு மணிக்குத் தொறக்கறேன், பாட்டியையும் கூட்டிட்டு வாங்க.